பாட்டாவின் ரேசருக்கு முறுக்கான் கடை பிளேடு

குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் ஆக்கர் கடை (பழைய சாமான்களை எடைக்கு வாங்குகிற கடை) வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், என் தலையைக் கண்டாலே சாக்குக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்துவிடுவார். எடைக்கு வருகிற பித்தளைச் சாமான்களில் பழைய ஷேவிங் செட் ஏதாவது அகப்பட்டால் எனக்கென்று ஒதுக்கி வைப்பார். கூடவே, "என்னத்துக்குடே இந்தத் துருப்பிடிச்ச சாமானுக்கு இப்பிடி அலையுத? இதுல என்ன கெடக்கு?" என்று தவறாமல் கேட்பார். அவர் தராசு முன்னால் நின்றுகொண்டு அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. அவருக்குச் சொல்லவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாட்டாவின் (தாத்தாவின்) தகரப் பெட்டியில் கனமான ரேசர் ஒன்றைக் கண்டெடுத்துவிட்டு, "இது என்ன, ஏதாவது தேறுமா?" என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும்.

தேறுமா என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். பெரும்பாலும் தேறாது. இவை கோடிக்கணக்கில் செய்து உலகம் முழுக்க விற்ற பொருட்கள். அபூர்வமான சில மாதிரிகளுக்கு நல்ல விலை உண்டுதான், ஆனால் நம் வீட்டு மச்சில் கிடப்பது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. காசு பார்க்க வேண்டும் என்றால் வேறு தொழில் பார்க்கலாம்.

அப்படியானால் எதற்கு? பழைய கேமரா கிடைத்தால் அதற்கு ஃபிலிம் தேடி அலைய வேண்டும். பழைய ரேடியோவுக்கு வால்வு கிடைக்காது. ஆனால் 1910-இல் செய்த ஒரு ஜில்லெட் ரேசருக்கு, இன்றைக்கு முறுக்கான் கடையில் வெற்றிலைக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் தொங்குகிற பிளேடு அச்சாகப் பொருந்தும். நாளைக் காலையில் அதை வைத்து முகம் மழிக்கலாம். நூறு வயதுப் பொருள் ஒன்று அலமாரியில் காட்சிக்கு நிற்காமல் அன்றாட வேலை பார்ப்பது வேறு எந்தச் சேகரிப்பில் இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பொழுதுபோக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இழைப்புளியும் சவரக்கத்தியும்

ரேசருக்கு முன்னால் சவரக்கத்தி. மடக்கி விரிக்கிற, முழுக்கத் திறந்த ஒரே அலகு. அதைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, முகத்தில் சரியான சாய்வில் பிடிக்கப் பழக்கம் வேண்டும். அதனால்தான் அது பெரும்பாலும் தொழில் தெரிந்தவர் கையில் இருந்தது. நாஞ்சில் நாட்டு ஊர்களில் சவரத் தொழிலாளி வீட்டுத் திண்ணைக்கே வந்து செய்துவிட்டு, கூலியை அறுப்புக் காலத்தில் நெல்லாக வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தானே மழித்துக்கொள்வது என்பது துணிச்சல்காரர் வேலை.

இந்தக் கத்தியைக் கொஞ்சம் சாதுவாக்கலாமே என்ற யோசனை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் ழான் ழாக் பெரே என்ற கத்தி செய்பவர், தச்சரின் இழைப்புளியைப் பார்த்து, சவரக்கத்திக்கு மரக் காப்பு ஒன்று போட்டார். இழைப்புளியில் உளி கொஞ்சமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே மரத்தை ஆழமாகக் கடிக்காது. அதே சங்கதிதான். 1880-இல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் மண்வெட்டி மாதிரிக் குறுக்கே பிடிக்கிற ஒரு ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் இவற்றிலெல்லாம் அலகு தடிமனானது. அடிக்கடி தீட்டியே ஆக வேண்டும்.

அந்தத் தொல்லையை ஒழித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்பது பட்டம் இல்லை, பெயர்தான். பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை பார்த்தவர். ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுகிற பொருளாக ஏதாவது கண்டுபிடி, வாங்கினவன் திரும்பத் திரும்ப வருவான் என்று அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். 1895-இல் ஒருநாள் மழுங்கிப்போன கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது, தீட்டவே வேண்டாத மெல்லிய தகடு ஒன்றை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது சரி, செய்ய முடியவில்லை. அவ்வளவு மெல்லிய எஃகைப் பதம் ஏற்றினால் அது நெளிந்துகொள்ளும். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் வந்துதான் அதற்கு வழி கண்டார். 1903-இல் விற்பனை தொடங்கியது. அந்த வருடம் போணியானவை 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் 90,000 ரேசருக்கு மேல். 1904 நவம்பரில் காப்புரிமையும் கைக்கு வந்தது.

(இந்த ஜில்லெட் ஒரு விசித்திரமான ஆள். போட்டியே இல்லாத, நயாகரா அருவியின் மின்சாரத்தில் இயங்குகிற ஒரே ஒரு பெருநகரத்தில் அமெரிக்கர்கள் எல்லோரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று கனவு கண்டு, அதை எழுதியும் வைத்தார். முதலாளி ஆவதற்கு முன்னாலேயே முதலாளித்துவத்தை வெறுத்தவர். அவருடைய மீசை முகம் பிளேடு உறையில் அச்சாகி உலகம் முழுக்கப் போயிற்று.)

அவர் கைப்பிடியைச் சும்மா கொடுத்துவிட்டுப் பிளேடில் காசு பார்த்தார் என்று வியாபாரப் பாடத்தில் சொல்வார்கள். உண்மையில் காப்புரிமை இருந்த காலத்தில் ரேசர் 5 டாலர். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. 1921-இல் காப்புரிமை முடிந்து போட்டிக்காரர்கள் நுழைந்த பிறகுதான் மலிவு மாதிரிகள் வந்தன.

கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள்

ரேசரின் அமைப்பு மிக எளிது. பழைய வகை மூன்று துண்டு: கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி. மூடியின் அடியில் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் பிளேடைக் கோத்து, அடித்தட்டை வைத்து, கைப்பிடியைத் திருகினால் பிளேடு மூடியின் வளைவுக்கு ஏற்ப வளைந்து விறைத்துக்கொள்ளும். பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். சும்மா பிடித்தால் தொளதொளவென்று ஆடும் அந்தத் தகட்டுக்கு விறைப்பைக் கொடுப்பது இந்த வளைவு. அடித்தட்டின் ஓரம்தான் காப்பு. தோலை அது முதலில் தொட்டு இழுத்துப் பிடிக்கும், பின்னாலேயே பிளேடு வந்து முடியை வெட்டும்.

அந்த ஓரம் சீப்பு மாதிரிப் பல் பல்லாக இருந்தால் சீப்புப்பல் ரேசர், நேர்க்கோடாக இருந்தால் பட்டை ரேசர். முதலில் வந்தது சீப்புப்பல். 1938-இல் ஜில்லெட் 'டெக்' என்ற மூன்று துண்டுப் பட்டை ரேசரை இறக்கியது. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் அகப்படுவது இந்த டெக்கும் அதைப் பார்த்துச் செய்தவையும்தான். இன்னொரு வகை, கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் மேல்மூடி இரண்டாகப் பிளந்து பட்டாம்பூச்சி இறக்கை மாதிரித் திறப்பது. துண்டு துண்டாகக் கழற்ற வேண்டியதில்லை. குழந்தைகள் கையில் கொடுத்தால் நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள் (பிளேடை எடுத்துவிட்டுக் கொடுக்கவும்). 1958-இல் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையத்தோடு ஒன்று வந்தது. எண்ணைக் கூட்டினால் பிளேடுக்கும் காப்புக்கும் உள்ள இடைவெளி கூடும், வெட்டும் கூடும். அதன் கைப்பிடி தடிமனாக இருப்பதால் சேகரிப்பவர்கள் 'ஃபேட் பாய்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிளேடின் துளைக்கு வருவோம். 1904-இன் பிளேடில் மூன்று வட்டத் துளைகள். காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்கு அந்த மூன்று துளைப் பிளேடை அடித்து விற்றார்கள். அவர்களை ஓரங்கட்ட ஜில்லெட் 1930-இல் ஒரு தந்திரம் செய்தது: நடுவில் நீளப் பிளவு போட்ட புதுப் பிளேடு. அது ஜில்லெட்டின் பழைய ரேசரிலும் சேரும். ஆனால் மற்றவர்களின் மூன்று துளைப் பிளேடு ஜில்லெட்டின் புது ரேசரில் சேராது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஹென்றி கெய்ஸ்மன் என்ற போட்டிக்காரர் இதே மாதிரிப் பிளேடுக்கு ஏற்கெனவே காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். வழக்கு போட்டார். கடைசியில் இரண்டு கம்பெனியும் இணைந்து, அவரே தலைமைக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சண்டையில் பிறந்த துளை வடிவம்தான், சின்னச் சின்ன மாற்றங்களோடு, இன்றைக்கு முறுக்கான் கடையில் தொங்குவது. முன்னால் வந்த ரேசருக்கும் சேரும், பின்னால் வந்த ரேசருக்கும் சேரும். அண்ணாச்சி, நீங்கள் எடைக்குப் போடுகிற அந்தப் பித்தளைத் துண்டு இன்னும் சாகவில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தத் துளைதான்.

பிளேடு நம்மிடையே சவரத்துக்கு மட்டுமா இருந்தது? பாதியாக ஒடித்துப் பென்சில் சீவினோம், நகம் வெட்டினோம், தையல் பிரித்தோம். ஓயாமல் பேசுகிறவனை 'பிளேடு' என்று சொன்னோம். மழுங்கின பிளேடால் அறுபட்ட அனுபவம் இல்லாத ஒரு சமூகத்தில் அந்தச் சொல் பிறந்திருக்காது. 1960-களுக்கு முந்திய பிளேடு கார்பன் எஃகு. ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு. மழுங்கினதைக் கண்ணாடித் தம்ளரின் உள்பக்கத்தில் விரலால் அழுத்தித் தேய்த்துக் கூராக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். 1962-இல் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்ட், துருப்பிடிக்காத எஃகில் பூச்சு போட்ட பிளேடை இறக்கியதும் அந்தத் தம்ளர் வைத்தியம் மெல்ல மறைந்தது.

இவை நம் ஊருக்கு எப்படி வந்தன

1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ரேசரும் சவரக்கத்தியும் சோப்பும் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. அதனால் இங்கே கிடைக்கிற ஜில்லெட்டுகளில் 'மேட் இன் இங்கிலாண்ட்' என்று பொறித்தவைதான் அதிகம். யுத்தத்துக்குப் போய் வந்தவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள், சிலோன் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியவர்கள் என்று ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒன்று வந்திருக்கிறது. ராணுவத்துக்கும் ரேசருக்கும் உறவு நெருக்கமானது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு மட்டும் ஜில்லெட் 35 லட்சம் ரேசர் கொடுத்தது. விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமானால் தாடி கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். வீட்டிலேயே தினம் மழிக்கிற பழக்கம் அந்தத் தலைமுறையோடு ஊர் ஊராகப் பரவியது.

அடுத்த அலை வளைகுடாவிலிருந்து. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து வீடுகளில் லீவுக்கு வந்தவர் பெட்டியைத் திறந்தால் என்ன வாசனை வரும் என்று அந்த வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சோப்பு, சென்ட், அப்புறம் கப்பல் படம் போட்ட வெள்ளைச் சீசா. அந்த ஓல்ட் ஸ்பைஸ் ஆண்களுக்கென்று அமெரிக்காவில் 1938-இல் வந்தது. சீசாவிலுள்ளவை சும்மா வரைந்த கப்பல்கள் இல்லை. 'கிராண்ட் டர்க்', 'ஃபிரெண்ட்ஷிப்' என்று நிஜமாகவே ஓடிய பாய்மரக் கப்பல்களின் பெயரைத் தாங்கியவை. ஆரம்பத்தில் சீசா மண்பாண்டம், பிறகு கண்ணாடி. கப்பலின் பெயரை வைத்தும் மூடியின் வடிவத்தை வைத்தும் வரிசைப்படுத்திச் சேர்க்கிறவர்கள் உண்டு. என்னிடம் நான்கு சீசா இருக்கிறது. மூன்றில் தண்ணீர்கூட இல்லை. நான்காவதில் எங்கள் அத்தை தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார், அதைக் கேட்டு வாங்க ஒரு வருடம் ஆனது.

சவரக்கத்தி தேடுகிறவர்களுக்குப் பழைய சலூன்கள்தான் இடம். எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு ஆளுக்கொரு புதுப் பிளேடு என்ற வழக்கம் வந்துவிட்டதால், தீட்டிப் பயன்படுத்தும் கத்திகள் மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டன. மரியாதையாகக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். விற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒருவர் கைத்தொழிலின் கருவி அது. பார்க்கக் கொடுத்தாலே போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், சில நாள் கழித்து அவராகவே கூப்பிடுவார்.

வயதைப் படிப்பது

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ரேசரைத் திருப்பிப் பார்த்தால் அது பிறந்த காலத்தைச் சொல்லும். அமெரிக்காவில் செய்த ஜில்லெட்டுகளில் 1951 முதல் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தலைப்பகுதியின் அடியில் பொறித்திருப்பார்கள். எழுத்து வருடம், எண் காலாண்டு. 'டபிள்யூ' என்றால் 1951, அங்கிருந்து 'இஸட்' வரை 1954. 1955-இல் மறுபடி 'ஏ'யில் தொடங்கும். ஆக 'டி-4' என்று கண்டால் அது 1958-இன் கடைசி மூன்று மாதத்தில் செய்தது. அதற்கும் முந்திய பழையவற்றில் வரிசை எண் பொறித்திருக்கும். இங்கிலாந்துச் சரக்குக்கு இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. அவற்றை வடிவம், பொறிப்பு, பெட்டி இவற்றை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

சவரக்கத்தியில் ஊர்ப் பெயர் பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஜோலிங்கனும் கத்திக்குப் பேர்போன ஊர்கள். ஊர்ப் பெயரோடு 'இங்கிலாண்ட்' என்று நாட்டுப் பெயரும் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குள் வருகிற சரக்கில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் வந்ததால் ஷெஃபீல்டுக்காரர்கள் அதைப் பொறிக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒரு தேசத்துச் சுங்கச் சட்டம் கோட்டாற்றுச் சலூன் இழுப்பறையில் கிடக்கும் கத்தியின் வயதைச் சொல்கிறது பாருங்கள்.

வாங்கும்போது ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும். நல்ல பழைய ரேசர் பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியது, காந்தம் பிடிக்காது. பிடித்தால் இரும்பு. பிடிக்காவிட்டாலும் முலாம் கொப்பளித்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அது துத்தநாகக் கலவை, வைத்துவிட்டு வாருங்கள். கைப்பிடியின் நீளவாட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, மரை தேய்ந்திருக்கிறதா, சீப்புப்பல் வளைந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். பல் ஒன்று வளைந்திருந்தாலும் காட்சிக்கு வைக்கலாம், முகத்தில் வைக்கக் கூடாது.

யானைத்தந்தப் பிடி போட்ட கத்தி என்று யாராவது காட்டினால் ஆசைப்படவே வேண்டாம். தந்தத்தை வாங்குவதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். பெரும்பாலும் அது தந்தமும் இல்லை, செல்லுலாய்ட். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செல்லுலாய்ட் பழசானால் சிதைந்து அமில ஆவியை விடும். அது தன் அலகை மட்டும் துருவாக்காது, பக்கத்தில் படுத்திருக்கும் கத்திகளையும் சேர்த்துக் கெடுக்கும். என் பெட்டியில் அப்படி ஒன்று இருந்து மூன்று கத்திக்கு நோய் வைத்துவிட்டது. இப்போது செல்லுலாய்ட் பிடிகளெல்லாம் தனி வார்டில்.

புளி போடாதீர்கள்

கழுவுவதில்தான் புதியவர்கள் எல்லாரும் வழுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். எனக்கு முதலில் கிடைத்த இங்கிலாந்து ரேசர் கறுத்துப்போய் இருந்தது. பித்தளைதானே என்று, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிப் புளியும் உப்பும் சாம்பலும் போட்டுத் தேங்காய்ச் சவுரியால் ஒரு பிடி பிடித்தேன். பளபளவென்று வந்தது. வந்தது அடியிலிருந்த மஞ்சள் பித்தளை. எழுபது எண்பது வருடம் தாக்குப்பிடித்த நிக்கல் முலாம் பத்து நிமிடத்தில் என் கையில் கரைந்துவிட்டது. அம்மை மட்டும், "இப்பதாம் பாக்க லட்சணமா இருக்கு" என்றாள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்து, மிருதுவான பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவும். கறுப்பாகத் தெரிவதில் பாதி பழைய சோப்புக் கசடுதான், அது போய்விடும். பச்சையாகப் படிந்த களிம்பு விடவில்லை என்றால் ஊறவைத்துத் தேய்ப்பதைத் திரும்பச் செய்யுங்கள், பொறுமை வேண்டும். தங்க முலாம் பூசியதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பற்பசைகூட ஆகாது. கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம். கடைசியில் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து உலர விடுங்கள். வேறொருவர் முகத்தில் ஓடிய பொருள் அல்லவா? அதில் மாட்டியிருந்த பழைய பிளேடை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

பழைய பிரஷ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடியில் செய்த சவரப் பிரஷ்களால் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. பிடி அழகாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடிக்கற்றையை எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் பயன்படுத்துங்கள்.

நம் மாவட்டத்தில் சேகரிப்பவனுக்கு முதல் எதிரி காற்று. ஒரு பக்கம் உப்புக் காற்று, அதோடு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. மதுரைக்காரர் அலமாரியில் அப்படியே வைக்கிற கத்தியை மணவாளக்குறிச்சியில் அப்படி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிடும். எண்ணெய் தடவ வேண்டும், ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். குமரிக்காரன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பான். அது நாளானால் காறிப் பிசுபிசுத்துப் போகும், தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். வெல்வெட் விரித்த பழைய பெட்டி பார்க்க அழகுதான், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் ரேசரை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். மருந்துப் புட்டியில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

காசில்லாமல் தொடங்க

உறைகளில் தொடங்கலாம். தீப்பெட்டிப் படம் சேர்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டோபாஸ், பனாமா, செவன் ஓ கிளாக் என்று எத்தனை உறைகள், எத்தனை நிறங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு மெழுகுத்தாள். சாதாரணத் தபால்தலை ஆல்பத்தில் செருகி வைத்தால் அழகாக நிற்கும். பிளேடு உள்ளே இருக்கிற பழைய உறை கிடைத்தால் பிரிக்காதீர்கள், பிரிக்காததற்குத்தான் மதிப்பு. பழைய கடைகளின் கணக்குப்பிள்ளை மேஜை, தையல்காரர் டப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு, இந்த மூன்றும் எனக்குக் கைகொடுத்த இடங்கள். கபில்தேவ் டிவி விளம்பரத்தில் வந்த காலத்துப் பாமாலிவ் கிரீம் டியூப் ஒன்று வாத்தியார் வீட்டில்தான் கிடைத்தது. கிரீம் காய்ந்து கல்லாகியிருந்தது. பழைய கிரீமும் லோஷனும் பார்ப்பதற்கு மட்டும்தான்.

ரேசரைப் பயன்படுத்த ஆசை வந்தால் சுருக்கமாக: குளித்த பிறகு மழியுங்கள், முடி இளகியிருக்கும். பிரஷ்ஷால் நன்றாக நுரை ஏற்றுங்கள். ரேசரின் கனமே அழுத்தம், நீங்கள் அழுத்தக் கூடாது. இன்றைய பல அடுக்குப் பிளேடில் பழகிய கை முதல் நாள் அழுத்தத்தான் செய்யும், கன்னம் சொல்லிக்கொடுக்கும். கைப்பிடியைத் தோலுக்குச் சுமார் முப்பது டிகிரி சாய்வில் பிடித்து, முடி வளர்ந்த திசையிலேயே சின்னச் சின்னதாக இழுங்கள். எதிர்த்திசை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கீறினால் படிகாரத்தை நனைத்துத் தேயுங்கள், சிறு ரத்தக்கசிவு உடனே நிற்கும்.

பயன்படுத்திய பிளேடைக் குப்பையில் வீசாதீர்கள், துப்புரவுப் பணியாளர் கையைக் கிழிக்கும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் சின்னப் பிளவு விட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள்ளேயே விழுந்து கிடக்கும். இன்றைக்கும் பழைய வீட்டை இடிக்கும்போது சுவரிலிருந்து நூற்றுக்கணக்கில் துருப்பிடித்த பிளேடு கொட்டுமாம். நம் சுவருக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று நான் ஒரு ஹார்லிக்ஸ் தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகப் போடுகிறேன், இன்னும் பாதிகூட நிறையவில்லை. நிறைந்ததும் மூடியை ஈயம் வைத்து அடைத்து எடைக்குக் கொண்டுவருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். "அதுக்கு வெல கெடையாது, பாத்துக்க" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.